கேசினோ ஊரான அட்லாண்டிக் சிட்டி பத்தி, நியூ ஜெர்சி தலைநகர் ட்ரென்டன்ல உக்காந்திருக்கற சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சி செனட்டர்கள், அசெம்பிளி உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

அட்லாண்டிக் சிட்டின்னு பேச்செடுத்தாலே நீங்க சொல்றது ஒண்ணுதான், அந்த ஊர்க்காரங்களுக்கு நிர்வாகம் தெரியாது, மேயரா வர்றவன்லாம் திருடன், அதனால நாங்க பாத்துக்கறோம். மேயர்கள் லட்சணம் ஊரறிஞ்சதுதான், மறுக்கல. ஃபிராங்க் கில்லியம் 2019-ல பசங்க பாஸ்கெட்பால் கிளப் காச சுருட்டினத கோர்ட்லயே ஒத்துக்கிட்டாரு. ஆனா 1984-ல மேயர் மைக்கேல் மேத்யூஸ பதவிய விட்டு இறக்குனது யாரு? ஊர் ஜனங்க. ரீகால் ஓட்டு போட்டு அவங்களேதான் இறக்குனாங்க.

அந்தக் காலத்துல ஊர ஆட்டி வெச்ச அரசியல் பாஸ் நக்கி ஜான்சன் மேயரே கிடையாது, கவுண்டி (மாவட்டம் மாதிரி) ட்ரெஷரர். மதுவிலக்கு காலத்துல சரக்கு ஆறா ஓட, முப்பது வருஷம்கிட்ட ஊரையே கைக்குள்ள வெச்சிருந்தாரு, கடைசியா 1941-ல வருமான வரி கேஸ்ல உள்ள தள்ளினது ஃபெடரல்காரங்க, நீங்க இல்ல. அவருக்கப்புறம் வந்த பாஸ் ஹாப் ஃபார்லி எங்க உக்காந்து ஆட்டி வெச்சாரு? உங்க செனட்லதான் சார், 1971-ல தோக்கற வரைக்கும்.

அப்புறம் கேசினோ. 1974-ல மாநில ஜனங்க வேணாம்னாங்க, 1976-ல அட்லாண்டிக் சிட்டிக்கு மட்டும்னு சுருக்கி, வரிப்பணம் வயசானவங்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் போகும்னு சொன்னதும் ஓட்டு விழுந்துச்சு. நல்ல காரியம்தான். ஆனா கேசினோ சூதாட்ட வருமானத்துல எடுக்கற அந்த 8% வரி மாநிலம் பூரா பிரியுது, இடிஞ்ச தெருவும் மூடுன கடையும் மட்டும் இந்த ஊருக்கு. 1930-ல 66,000 பேர் இருந்த ஊர்ல 2020-ல 38,000 சொச்சம்.

ஊர சீர்படுத்தத்தான்னு 1984-ல ஒரு மாநில ஏஜென்சி ஆரம்பிச்சீங்களே, அது என்ன பண்ணுச்சு தெரியுமா? ட்ரம்ப் பிளாசா கேசினோவுக்கு பக்கத்துல ஒரு விதவை அம்மாவோட மூணு மாடி வீடு, அத ரெண்டரை லட்சம் டாலர் சொச்சத்துக்கு கட்டாயமா எடுக்கப் பாத்துச்சு. எதுக்கு? கேசினோவுக்கு வர்ற லிமோசின் கார் நிறுத்த! 1998-ல கோர்ட் முடியாதுன்னுடுச்சு. அந்த அம்மா ஜெயிச்சாங்க. பிளாசா 2014-ல மூடி, 2021-ல வெடி வெச்சு தரமட்டமாச்சு.

அந்த 2014-ல மட்டும் நாலு கேசினோ மூடுச்சு, 240 கோடி டாலர்ல கட்டுன ரெவல் உட்பட. சொத்துவரி விழுந்துச்சு, போர்கட்டா கேசினோவுக்கு திருப்பித் தர வேண்டிய வரி பாக்கி வேற கழுத்த நெரிச்சுது. 2016-ல நீங்க நிர்வாகத்த கையில எடுத்தீங்க, கவுன்சில் முடிவ ரத்து பண்ற அதிகாரத்தோட. 2021-ல இன்னும் நாலு வருஷம் நீட்டிச்சீங்க, அதே வருஷம் கேசினோக்கள் சொத்துவரிக்கு பதிலா கட்டுற தொகையில ஆன்லைன் சூதாட்ட வருமானத்த கணக்குல சேர்க்க வேணாம்னு சட்டத்தயும் மாத்துனீங்க. ஊருக்கு கணக்கு பாக்கத் தெரியலன்னு சொன்னவங்கதானே நீங்க? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

நான் கேக்கறது ரெண்டு. அடுத்து வர்ற வரிச் சட்டத்துல ஆன்லைன் வருமானத்தயும் சேருங்க. அந்த ஊர் கவுன்சில் அதிகாரத்துல கை வைக்கிற மசோதா எதுவா இருந்தாலும் முதல்ல அந்த ஊர் ஜனங்ககிட்ட ஓட்டுக்கு விடுங்க. 76-ல மாநிலத்தயே கேட்டீங்கல்ல, இவங்களயும் கேளுங்க.

இப்படிக்கு,
உங்க மாநிலத்துல வரி கட்டுற ஒரு தமிழன்