இருக்கை உயரத்தைப் பட்டறையில் குறைக்கவிடாதீர்கள்: ஸ்போர்ட்ஸ் பைக் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியச் சாலைகளுக்காக ஸ்போர்ட்ஸ் பைக் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றை விற்கும் பிரிவினருக்கும் வணக்கம்.

என் உயரம் 5 அடி 1 அங்குலம். ஊர் கோவை. ஆறு ஆண்டுகளாக ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறேன். அதில் நான்கு மாதம் நான் ஓட்டியது நீங்கள் செய்து கொடுத்த வண்டியை அல்ல, பட்டறையில் தாழ்த்திய வண்டியை. அந்த நான்கு மாதத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. யமஹா ஆர்15 வண்டியின் இருக்கை 815 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிக்கு 810 மி.மீ. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். என்னைப் போன்றவர்களுக்குக் கால் விரல் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். சமதளத்தில் அது போதும். அவிநாசி சாலையில் சிக்னலுக்காக இடது ஓரம் ஒதுங்கும்போது போதாது. அங்கே சாலை ஓரத்தை நோக்கிச் சரிகிறது. ஊன்றப் போன கால் வெறும் காற்றில் நிற்கும், வண்டி அந்தப் பக்கம் சாயும், ஓர் அளவுக்கு மேல் சாய்ந்த 140 கிலோவை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. ஓடும் வண்டியிலிருந்து நான் விழுந்ததில்லை. நின்ற இடத்தில் மூன்று முறை விழுந்திருக்கிறேன்.

மூன்றாம் முறை கிளட்ச் லீவர் ஒடிந்தது. ஷோரூமில் கேட்டேன். "பழகிவிடும்" என்றார்கள். அடுத்த வாரம் ஒரு பட்டறைக்குப் போனேன்.

பின் சக்கரத்தின் அசைவைச் சஸ்பென்ஷனுக்குக் கடத்தும் லிங்க்கில் இருக்கும் இரண்டு தகடுகளைக் கழற்றி, அவற்றைவிடச் சற்று நீளமான இரண்டு தகடுகளை லேத்தில் கடைந்து மாட்டினார்கள். ஒரு மணி நேர வேலை. ஏறி உட்கார்ந்தேன், இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் அழுந்தின. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த மகிழ்ச்சிக்காகத்தான் ஊர் ஊராக இதைச் செய்துகொள்கிறார்கள்.

அது என்ன விலைக்கு வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சக்கரங்களின் இடைவெளி 1,350 மி.மீ. அளவுள்ள வண்டியில் பின் அச்சுப் பக்கம் 25 மி.மீ. இறக்கினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ ஒரு பாகை (டிகிரி) பின்னோக்கிச் சாய்கிறது. இருக்கை பின் அச்சுக்கு முன்னால் இருப்பதால் அதற்குக் கிடைக்கும் தாழ்வு 25 மி.மீ.கூட அல்ல, அதைவிடக் குறைவு. ஆனால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு முழுதாக ஒரு பாகை கூடுகிறது. முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி ஸ்டியரிங் அச்சின் கோட்டிலிருந்து பின்தங்கும் தூரமும் சுமார் 6 மி.மீ. கூடுகிறது. நேர்ச்சாலையில் இது தெரியாது, வண்டி இன்னும் நிதானமாகப் போவதுபோல்கூட இருக்கும். வளைவில்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த இடம், கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும் சாலையில் பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. பலமுறை போன வளைவு. வழக்கமான வேகம், வழக்கமான இடத்தில் திருப்பினேன். வண்டி திரும்ப மறுத்தது. கைப்பிடியை அழுத்த அழுத்த முன் சக்கரம் கனமில்லாமல் வெளிப்பக்கமே போனது. ஆக்சிலரேட்டரைத் திருகியதும் பின்புறம் இன்னும் உட்கார்ந்தது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கோணம் தட்டையாகிவிட்டதால் செயினின் இழுப்பு பின்புறத்தைத் தாங்கிப்பிடிக்கவில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மேலும் சாய்த்தபோது ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசிய சத்தம் கேட்டது. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த்தான் வளைந்தேன். எதிரே மேலிருந்து பஸ் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் மட்கார்டின் உட்புறத்தில் டயர் தேய்த்த கருப்புப் பட்டை, இரண்டு விரல் அகலத்தில். தங்கையைப் பின்னால் உட்காரவைத்து வேகத்தடைகளில் ஏறி இறங்கியதன் தடம் அது. சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்ததால் வண்டி நெட்டுக்குத்தாக நின்றது, அலுவலக வாசலில் ஒருவர் பை பட்டுக் கவிழ்ந்தது. முகப்பு விளக்கும் அதே ஒரு பாகை மேலே தூக்கிக்கொண்டது. 50 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 90 செ.மீ. உயரும். அத்தனை நாளும் எதிரே வந்தவர்களின் கண்ணைக் கூசவைத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பட்டறைக்காரரை நான் பழிக்கவில்லை. முன்புறத்தையும் அதே அளவு இறக்கியிருக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அப்படி ஃபோர்க் குழாய்களை மேலே ஏற்றிக் கட்டும்போதும், அழுத்திப் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் ரேடியேட்டரில் போய் முட்டாமல் எத்தனை மில்லிமீட்டர் ஏற்றலாம் என்று எந்தக் கையேட்டில் இருக்கிறது? முன்புறத்தை மட்டும் இறக்கி, நெடுஞ்சாலை வேகத்தில் கைப்பிடி வெடவெடவென ஆடத் தொடங்கியதும் பயந்துபோய்த் திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். இரண்டு புறமும் சமமாக இறக்கினால் கோணம் மாறாமல் இருக்கும், ஆனால் தரை இடைவெளியும் சாயும் அளவும் போய்விடும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் உயரம் வீணான உயரம் அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக எங்களை வேறு வண்டி பார்க்கச் சொல்லாதீர்கள். உலக மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜிபியில் 31 முறை வென்ற டேனி பெட்ரோசாவின் உயரம் ஏறத்தாழ 160 செ.மீ. 2018இல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை வென்ற அனா கராஸ்கோவும் உயரமானவர் அல்லர். வண்டியை வளைப்பதற்கு உயரம் தேவையில்லை. பந்தயத்தில் சிக்னல் இல்லை, எங்களுக்கு இருக்கிறது. சிக்கல் முழுவதும் வண்டி நிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை, சாகசப் பயண வண்டிகளுக்கு நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ட்ரையம்ஃப் 2020இல் டைகர் 900 வண்டியில் இரு புறமும் குட்டையான சஸ்பென்ஷனோடு 'லோ' என்று ஒரு வகையையே வெளியிட்டது. கேடிஎம் 390 அட்வென்ச்சரில் 855 மி.மீ. இருக்கையை 830 ஆக்கிய வகை 2023இல் இந்தியாவுக்கே வந்தது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450க்குத் தாழ்வான இருக்கை தனியாகக் கிடைக்கிறது. நான் ஏறி இறங்கிய ஸ்போர்ட்ஸ் பைக் ஷோரூம்களில் எனக்குக் கிடைத்தது "பழகிவிடும்" மட்டுமே.

நிறுவனமே தரும்போது சட்டச் சிக்கலும் தீர்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. பட்டறையில் வேலை ஒரு மணி நேரம், விளைவு முழுவதும் எங்கள் தலையில்.

முதலில் இருக்கையைத் தாருங்கள். முன்பகுதி குறுகலாக, பஞ்சு சற்றுக் குறைவாக ஓர் இருக்கை. தொடைகள் அகலாமல் கால் நேராக இறங்கினாலே பாதி தூரம் கிடைத்துவிடும், வண்டியின் கோணம் ஒரு துளியும் மாறாது. பிறகு ஸ்பிரிங். 48 கிலோ எடையுள்ள நான் ஏறி உட்கார்ந்தால் அது சரியாக அமுங்குவதே இல்லை. சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டுநரின் எடையில் அமுங்க வேண்டும் என்பார்கள். எந்த எடைக்கு ஸ்பிரிங்கை எந்தப் படியில் வைப்பது என்று கையேட்டில் ஓர் அட்டவணை போடுங்கள், 45 கிலோவிலிருந்து தொடங்கிப் போடுங்கள். இதற்கு மேலும் தாழ்வு வேண்டியவர்களுக்கு லிங்க், ஃபோர்க் அளவு, சைடு ஸ்டாண்டு, விளக்கின் திருத்தம் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாக, நீங்கள் ஓட்டிச் சோதித்த பிறகு தாருங்கள். தனித்தனியாக விற்காதீர்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளில், இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை மட்டும் முழுதாக ஊன்றி, மறுகாலால் பின் பிரேக்கைப் பிடித்து நிற்க யாராவது பத்து நிமிடம் கற்றுத் தரட்டும். எனக்கு அதை ஆறாம் ஆண்டில் ஒரு தோழி கற்றுத் தந்தாள்.

இப்போது என் வண்டியில் பழைய தகடுகளே இருக்கின்றன. இருக்கையின் முன்பகுதியைச் செதுக்கித் தைத்துக்கொண்டேன், பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன், ஒரு விரற்கடை இறங்கியது. இடது கால் ஊன்றுகிறது. லேத்தில் கடைந்த அந்த இரண்டு தகடுகளும் என் மேசையில்தான் கிடக்கின்றன. உங்களில் யார் கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன், அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை விரும்பி ஓட்டும் ஒருத்தி,
கோவை.