பிக்கப் வேறு, ஓட்டும் சுகம் வேறு: பட்டறையிலிருந்து ஒரு மடல்

நம் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாகவே சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்க வருகிறவர்கள், பில் போடும் நேரத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கரண்டு காரு எடுக்கலாமா, பெட்ரோல் வண்டி மாதிரி ஓட்ட நல்லா இருக்குமா?" நின்றபடியே இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை, அதனால்தான் எழுதி அனுப்புகிறோம். சார்ஜ் செலவு, மைலேஜ் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இது ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு.

முதலில் பிக்கப், அதாவது வண்டி எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பது. இதில் இனி வாதாட ஒன்றுமில்லை, மின்கார் ஜெயித்துவிட்டது. பெட்ரோல் எஞ்சின் தன் முழு இழுவையைக் கொடுக்க ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏற வேண்டும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருந்தால் அதற்குக் காற்றழுத்தம் சேர வேண்டும், கையால் கியர் மாற்றுகிற வண்டியில் ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை ஒரு கணம் அறுந்துபோகும். மின்மோட்டாருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. நின்ற இடத்திலேயே முழு இழுவையும் தயாராக இருக்கும், பெரும்பாலான மின்கார்களில் கியரும் ஒன்றே ஒன்றுதான். எம்ஜி சைபர்ஸ்டர் என்ற மின்கார் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.2 நொடியில் தொடும் என்கிறது கம்பெனி, பிஒய்டி சீல் என்ற மின்காரின் உச்ச மாடல் 3.8 நொடி. உயரத்திலிருந்து விழுகிற கல்லே அந்த வேகத்துக்கு வர ஏறக்குறைய 2.8 நொடி ஆகும், அப்படியானால் இந்தப் பாய்ச்சல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரி வேக வண்டிகளை விடுங்கள், குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஏர்வாடிக்குப் போகிற அளவுள்ள டாடா ஹாரியர் மின்காரில் நாலு சக்கர இழுவை மாடலுக்கு 6.3 நொடி சொல்கிறார்கள். நம் பக்கத்துப் பையன்கள் ஆசைப்பட்டு வாங்கிய போலோ ஜிடி டிஎஸ்ஐ பெட்ரோல் கார் 10 நொடிக்குப் பக்கத்தில்தான் வரும்.

இது புதுக் கதை என்றும் நினைக்க வேண்டாம். தரையில் ஓடும் கார் முதன்முதலாக 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது 1899-ல், பிரான்சில், அதுவும் பேட்டரி வண்டிதான்.

ஆனால் கம்பெனி சொல்லும் நொடிக் கணக்கில் வராத இரண்டு விஷயம் இருக்கிறது. வேகம் ஏற ஏற மின்காரின் இழுவை மெல்ல இறங்கும், அதற்காகவே போர்ஷே டைகான் என்ற மின்காரில் பின் சக்கரத்துக்கு இரண்டு கியர் வைத்திருக்கிறார்கள். அப்புறம், திரும்பத் திரும்ப முழு வேகத்தில் கிளப்பினால் பேட்டரியும் மோட்டாரும் சூடேறும், வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தாலும் இதே கதைதான்.

சரி, ஓட்டும் சுகம். கீழக்கரையிலிருந்து நம்மிடம் பல வருடமாக வரும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர், துபாயில் இருந்தபோது பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்துப் பழகியவர், மகன் வாங்கிய மின்காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானிலிருந்து மண்டபம் ரோட்டில் உச்சிப்புளி வரை அவரும் நானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். இறங்கியதும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேகம் இருக்குப்பா, ஆனா நான் ஒண்ணும் பண்ணலையே." எனக்கும் அப்படித்தான் பட்டது. மூன்றாவது கியரில் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் எஞ்சின் சத்தம் மாறுமே, அதைக் காதால் கேட்டு, கிளட்சை மிதித்து, சரியான இடத்தில் கியரைத் தள்ளும்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி ஒரு நிறைவு வரும், அது 60 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கும், உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஹூண்டாய்க்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஐயோனிக் 5 என் என்ற மின்காரில் இல்லாத கியரை இருப்பதுபோல் உணரவைக்கும் ஏற்பாட்டையும், எஞ்சின் சத்தத்தையும் அவர்களே வைத்துக் கொடுக்கிறார்கள்.

எடை இன்னொரு பெரிய விஷயம். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட்டு பெட்ரோல் கார் சுமார் 1 டன், அதன் பவர் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் உலகம் முழுக்க ஓட்டத் தெரிந்தவர்கள் கொண்டாடிய வண்டி. சைபர்ஸ்டரும் அதே மாதிரி இரண்டு சீட்டு வண்டிதான், எடை 2 டன்னை ஒட்டி. பேட்டரி தரைமட்டத்தில் படுத்திருப்பதால் மின்கார் வளைவில் அதிகம் சாயாது, அது நல்ல குணம். ஆனாலும் அந்தக் கனம் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பும்போதும் தெரியும், டயரும் சீக்கிரம் தேயும்.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை பெரும்பாலும் நேர்கோடு, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், முன்னால் ஒரு பஸ்ஸோ ஐஸ் ஏற்றிய மீன் வண்டியோ போய்க்கொண்டிருக்கும். இங்கே ஓட்டுவதில் பாதி, முந்துவதுதான். 50-லிருந்து 80-க்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் நமக்குப் பயன்படும் கணக்கு, அதில் மின்கார் தரும் தைரியத்தை எந்தப் பெட்ரோல் வண்டியிலும் நான் பார்த்ததில்லை. கியர் குறைக்க வேண்டாம், கால் வைத்தால் போதும். அதனால் தினமும் ராமேஸ்வரம் போய்வருகிறவர் மின்கார் வாங்கினால் நான் சந்தோஷப்படுவேன். லீவு கிடைத்தால் கொடைக்கானல் மலைப்பாதையைத் தேடிப் போகிறவர், இப்போது வைத்திருக்கும் சின்னப் பெட்ரோல் வண்டியை விற்க வேண்டாம், அது தரும் சுகத்தை வேறு எதுவும் தராது.

தயவுசெய்து பாம்பன் பாலத்தில் பிக்கப் சோதிக்காதீர்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் கடல் காற்று தள்ளும், பக்கத்தில் 2025-ல் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க ஜனங்கள் ஓரத்தில் நிற்பார்கள். தனுஷ்கோடி ரோட்டிலும் வேண்டாம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் ரோட்டில் ஏறிக் கிடக்கும், எவ்வளவு இழுவை இருந்தாலும் டயருக்குப் பிடிமானம் இருக்காது.

மின்கார் ஏற்கெனவே வாங்கியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோ மாதிரி மாறி வேகத்தைக் குறைத்து, கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பிரேக் பேடுக்கு வேலை குறைந்துபோகிறது. நம் உப்புக் காற்றில் வேலை இல்லாத பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். போன மாதம் ஒரு வண்டி வந்தது, ஆறு வாரம் வாசலிலேயே நின்றிருக்கிறது, நாலு டிஸ்க்கும் செங்கல் நிறம், பிரேக் தொட்டால் கரகரவென்று அறுத்தது. வாரத்துக்கு ஒரு நாள், பின்னால் யாரும் வராத இடத்தில் நாலைந்து தடவை பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். வண்டியில் இந்த மோட்டார் பிரேக்கைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அந்த நேரம் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் டிஸ்க் உராயும். தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம்.

பிரேக், சஸ்பென்ஷன், டயர், அலைன்மென்ட் எல்லாம் மின்காருக்கும் இப்போது நம் பட்டறையிலேயே பார்க்கிறோம். ஆரஞ்சு நிற ஒயர் போகும் இடத்தையும் பேட்டரியையும் நாங்கள் தொடமாட்டோம், அது உயர் மின்னழுத்தம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது ஊருக்குள் ஒரு சுற்று என்று ஒத்துக்கொள்ளாதீர்கள், உச்சிப்புளி வரையாவது கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் பழைய வண்டியிலேயே அதே ரோட்டில் அதே நாள் காலை ஒரு தடவை போய்வந்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் பட்டறைக்கு வாருங்கள், டயருக்குக் காற்று பார்த்துவிட்டு நானும் கூட வருகிறேன்.