பாட்டி எடுத்த மீன்

அன்புள்ள மாலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டிவலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். மொட்டை மாடிக்கு ஏறி வடகம் காய வைப்பதை இந்த வருஷமாவது விட்டுத் தொலை. நான் உடனே பதில் போடாததற்குக் காரணம், சிட்னியிலிருந்து தம்பி குடும்பம் வந்திருக்கிறது. வீடு வீடாக இல்லை.

பிள்ளைகள் இரண்டும் ஒரு சின்னத் தகர டப்பாவில் சீட்டுக்கட்டு கொண்டுவந்திருக்கிறார்கள். சுஷி கோ என்று பெயர். ஃபில் வாக்கர்-ஹார்டிங் என்ற ஆஸ்திரேலியக்காரர் 2013இல் உருவாக்கியதாம். ராஜா ராணியெல்லாம் இல்லை, 108 சீட்டிலும் ஏறக்குறைய எல்லாமே ஜப்பான்காரர்களின் சாப்பாடுதான். ஒவ்வொன்றுக்கும் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற முகம்.

பள்ளிக்கூடத்தில் துண்டுச் சீட்டில் பழங்களின் பெயரை எழுதி, வேண்டாததை ஒவ்வொன்றாக அடுத்தவளிடம் தள்ளுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இது சித்தப்பா பிள்ளை. நாலு பேர் என்றால் ஆளுக்கு 8 சீட்டு. ஒன்றை மட்டும் எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சம் ஏழையும் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவோம். அப்புறம் வந்த கட்டிலிருந்து இன்னொன்று. இப்படிக் கையில் சீட்டு தீர்ந்தால் ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. டப்பாவில் 15 நிமிடம் என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு முதல் ஆட்டம் முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பாதி அம்மாவுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்ததில் போனது.

அம்மாதான் சுத்த சைவமாயிற்றே. "எனக்கு இந்தக் கொழுக்கட்டை போதும்" என்று டம்ப்ளிங்காகவே பொறுக்கினாள். ஒன்று இருந்தால் 1 புள்ளி, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நான்குக்கு 10 என்று ஏறும். முதல் சுற்றில் அமைதியாக நான்கு சேர்த்துவிட்டாள். டெம்புரா அவளுக்கு பஜ்ஜி. அது ஜோடி சேர்ந்தால் 5 புள்ளி. நான் வசாபி என்கிற பச்சைக் காரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் வைக்கிற நிகிரிக்கு, அதாவது மீனோ முட்டையோ வைத்த சோற்று உருண்டைக்கு, புள்ளி மூன்று மடங்காகும் என்று கனவு கண்டேன். கடைசியில் முட்டை நிகிரிதான் வந்தது. ஒன்று மூன்றானது, அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்றில்தான் வேடிக்கை. சின்னவன், ஒன்பது வயது, சஷிமி என்கிற பச்சை மீன் துண்டு இரண்டு வைத்திருந்தான். மூன்று சேர்ந்தால் 10, இரண்டோடு நின்றால் பூஜ்யம். நாலு பேர் ஆடும்போது முதலில் உன் கையிலிருந்த கட்டு ஐந்தாவது முறை உன்னிடமே திரும்பி வரும், எது எது போயிருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். அம்மா அந்தக் காலத்து ரம்மிக்காரி, இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்த கட்டில் சஷிமி இன்னும் இருந்தது. கொழுக்கட்டையை விட்டுவிட்டு அதை எடுத்தாள்.

"பாட்டி, நீங்க மீன் சாப்பிட மாட்டேன்னு சொன்னீங்க!"

"சாப்பிடலைடா, ஒளிச்சு வச்சேன்."

அவன் ஹாலை விட்டே எழுந்து போய்விட்டான். முறுக்கைக் காட்டித்தான் திரும்பக் கூப்பிட்டோம்.

இரண்டே பேர் ஆடினால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டு கட்டையும் பார்த்துவிடுவதால் மறைவு என்று ஒன்றும் இல்லாமல் போகிறது. நாலைந்து முறை ஆடியதும், சீட்டு எப்படி விழுகிறதோ அதுதான் என்றும் தோன்றியது. ஆனால் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு ஆட்டம் போட இதைவிட வேறு வேண்டாம். பெரியவள் போனைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள், சரி, அதுவே பெரிய விஷயம்.

புட்டிங் என்கிற இனிப்புச் சீட்டு மட்டும் சுற்று முடிந்தாலும் கலையாது, கடைசிவரை சேர்த்துக்கொண்டே போகலாம். ஆட்ட முடிவில் அதிகம் வைத்திருப்பவருக்கு 6 கூடும், குறைவாக வைத்திருப்பவருக்கு 6 கழியும். நேற்று நான் ஒன்றுகூட எடுக்காமல் கோட்டை விட்டேன்.

இவர்கள் 20ஆம் தேதிவரை இருக்கிறார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போயேன். ஐந்து பேருக்குமேல் ஆட முடியாது, உனக்கு ஒரு இடம் இருக்கிறது. அம்மா இப்போதே விசாரிக்கிறாள், மாலாவுக்கு இனிப்பில் ஆசை உண்டா என்று. உண்டு என்று சொல்லிவிடவில்லை.

அன்புடன்,
கோமதி