நேரம் பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

மதுரை,
தை மாதக் கடைசி.

அன்புள்ள நடராஜனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மாசி இரண்டாம் வாரத்தில் எனக்குத் தங்கை முறையான உன் மனைவியையும் அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து, வெள்ளி, சனி இரண்டு நாளும் ஊரைச் சுற்றிப் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ச்சியும், அந்த வாரத்தில் நான் ஊரில் இருக்கமாட்டேனே என்ற வருத்தமும் ஒருசேர வந்தன. மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம் என்றாலும், நீண்ட பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் நாங்கள்தான் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறோம். கூடவே வந்து காட்ட முடியாத குறையை இந்தக் கடிதம் ஓரளவு ஈடுசெய்யட்டும்.

நீ அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்தேன். இடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கும் விதத்தில் போனால் பாதிப் பொழுதைச் சாத்திய கதவுகளுக்கு முன்னால்தான் கழிக்கவேண்டியிருக்கும். கோயில் நடையைப் பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு ஆகும். பருத்திப்பால் வண்டியை உச்சி வெயிலில் தேடினால் கிடைக்காது. சமணர் மலைக்குப் பதினோரு மணிக்குப் போனால் பாறைச் சூடு உன்னைப் பாதியிலேயே இறக்கிவிடும். இந்த ஊரில் பார்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுதைப் பிடித்துவிட்டால் இரண்டு நாளே தாராளம்.

வியாழன் இரவே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நடை திறக்கும். ஆறு மணிக்குள் கிழக்குப் பக்கம் அட்டசக்தி மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டால், வெளியூர்ப் பேருந்துகள் கூட்டத்தை இறக்குவதற்கு முன்னால் தரிசனம் முடிந்துவிடும். முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. அது இந்த ஊர் வழக்கம். உன் வீட்டில் மதுரையா சிதம்பரமா என்று நான் கேட்கப்போவதில்லை. பயணத் தேதியைத் தங்கை முடிவுசெய்ததாக நீயே எழுதிவிட்டாய். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக 2018-லிருந்து அனுமதி இல்லாததால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் அந்தக் கருவி இல்லாத காரணத்தால்தான் இங்கே வருகிறவர்கள் ஒரு தூணின் முன்னால் இரண்டு நிமிடமாவது நிற்கிறார்கள்.

அப்படி நின்று பார்க்கவேண்டிய தூண் ஒன்று சுவாமி சந்நிதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபத்தில் இருக்கிறது. திருக்கல்யாணச் சிற்பம். திருமால் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கிறார். மூன்று கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் அந்த இடத்தில் கல் கல்லாகவே இல்லை. படத்தில் எத்தனையோ முறை பார்த்திருப்பாய் என்றாலும் நேரில் அதன் ஆழம் வேறு. உள்ளே வெள்ளியம்பலத்தில் உன் பெயர் கொண்டவர் கால் மாற்றி, வலக்காலைத் தூக்கி ஆடுகிறார், அதையும் விட்டுவிடாதே. 1569-இல் அரியநாத முதலியார் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985 என்பார்கள். எண்ணிப் பார்க்க உட்காராமல், நடுவழியின் ஒரு கோடியில் நின்று மறுகோடியை நோக்கினால் போதும்.

வெளியே வந்ததும் டிபன். மேலச் சித்திரை வீதியிலுள்ள பழைய ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம் பேர்போனது. அது இல்லாத வேளையானால் எங்கே போனாலும் இட்லியைக் கேள். மதுரைக்காரர்கள் இட்லியை விடச் சட்னியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், இலையில் மூன்று நிறத்துக்குக் குறைந்து வைத்தால் முகம் சுளிப்பார்கள்.

பத்து மணிக்கு மேல் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்குதான். அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பது வரலாறு. மிஞ்சிய தூண்களையே இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. அண்ணாந்து விதானத்தின் சுதை வேலைப்பாட்டைப் பார். கைக்கெட்டும் உயரத்தில் மட்டும் கண்ணைத் தாழ்த்தாதே, ஏனென்றால் அங்கெல்லாம் நம் மக்கள் ஆணியால் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நடந்தே பத்துத் தூணுக்கு வரலாம். அதே அரண்மனையின் சிதறிய பகுதியான அந்தத் தூண்கள் இன்று ஜவுளிக்கடைச் சந்துக்குள் சேலை விளம்பரங்களுக்கும் சரக்கு மூட்டைகளுக்கும் நடுவே நிற்கின்றன. மகாலைக் காட்டிலும் இதைப் பார்த்தால்தான் அந்த அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது புரியும்.

இங்கிருந்து எட்டிய தூரத்தில் விளக்குத்தூண். மதுரைக் கோட்டைச் சுவரை 1840-களில் இடித்து அகழியைத் தூர்த்து ஊரை அகலப்படுத்திய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தியது அது. அவருக்குக் கீழே அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிலைத்துவிட்டன. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றை ஒன்று சூழ்ந்த சதுரங்களாக வீதிகள் போவதைக் கவனித்துக்கொண்டே நடந்தால் உனக்கு வழி தப்பாது. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு கோபுரம் திசை சொல்லும்.

விளக்குத்தூண் அருகில்தான் ஜிகர்தண்டாவைக் குடிக்கவேண்டும், அதுவும் வெயில் உறைக்கும் அந்த நேரத்தில். கடைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டே நில். இரவெல்லாம் ஊறிக் கண்ணாடிபோல் பொங்கிய பாதாம் பிசினைக் கரண்டியால் வழித்து டம்ளரின் அடியில் போடுவார். அதன்மேல் நன்னாரி சர்பத். பிறகு சுண்டக் காய்ச்சிப் பழுப்பேறிய குளிர்ந்த பால். எல்லாவற்றுக்கும் மேல் அதே பாலில் செய்த ஐஸ்கிரீம். கலக்காமல் முதல் வாய், கலக்கிய பின் மற்றதெல்லாம். பிசின் பல்லில் சிக்காமல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனால் அது சரியாக ஊறியது என்று பொருள். இப்போது ஊரெங்கும் இந்தப் பெயரில் பலகை தொங்குகிறது, சிலவற்றில் சேமியாவும் டூட்டி ஃபுரூட்டியும் மிதக்கின்றன. அவற்றை நான் ஜிகர்தண்டா என்று ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமையே இதை முடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை உனக்கு மீன் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். மீனும் பாலும் ஒரே வேளையில் சேர்ந்தால் தங்கை விடமாட்டார்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்கு வந்து உறங்குங்கள். இந்த ஊர் விழித்திருப்பது இரவில் என்பதால் பிற்பகல் தூக்கத்தைச் சோம்பலாக யாரும் எண்ணமாட்டார்கள். மாலையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் சௌராஷ்டிரர் தெருக்களில் நடந்தால் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்த பச்சை நிற வடையை, மிளகாய்ப் பொடி தூவித் தருவார்கள். தொண்டைக்கட்டுக்கு நல்லது என்பார்கள், எனக்கோ காரணமே தேவைப்படுவதில்லை. அதே பக்கத்தில் சுங்குடிச் சேலையும் எடுக்கலாம். நூலால் முடிச்சுப்போட்டுச் சாயத்தில் தோய்த்த சேலையில் ஒரு புள்ளி போல் மற்றொன்று இருக்காது. எல்லாப் புள்ளியும் அச்சடித்தாற்போல் இருந்தால் அது அச்சடித்ததுதான். விலையையும் அதற்கேற்பப் பேசச் சொல்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பொற்றாமரைக் குளத்தின் கரையில் அம்மனுக்கும் சுவாமிக்கும் ஊஞ்சல் நடக்கும். அதைப் பார்த்துவிட்டுக் குளத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தால் கூட்டம் மெல்லக் கரையும். ஒன்பது மணிக்கு மேல் சுவாமி சந்நிதியிலிருந்து சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளம் முழங்க அம்மன் சந்நிதியிலுள்ள பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். சாம்பிராணிப் புகையும் மல்லிகை வாடையும் கலந்த அந்தக் குறுகிய பிராகாரத்தில் பல்லக்கு திரும்பும்போது, கூடவே ஓடிவரும் ஊர்க்காரர்களைப் பார். இதை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்களில் பலர், ஆனாலும் முண்டியடிப்பார்கள். மதுரையில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரமுண்டு என்று எவரேனும் கேட்டால் நான் காலைத் தரிசனத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் ஆட்டோ வைத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போய்விடுங்கள். ஏறும்முன் கட்டணத்தைப் பேசிவிடு. திரும்பும்போது அங்கே வண்டி கிடைக்காது என்பதால் காத்திருக்கவும் சேர்த்துப் பேசு. சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளமும், ஆலமரமும், அய்யனார் கோயிலும் இருக்கின்றன. பாறையில் வெட்டிய படிகளில் சிறிது ஏறினால் பேச்சிப்பள்ளத்துச் சுனை. அதன் மேலே பாறை நெடுக மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. உருவங்களின் கீழே அவற்றைச் செய்வித்தவர் இன்னார் என்று வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து. கிழக்கிலிருந்து சாய்ந்து விழும் முதல் வெயிலில்தான் அந்தக் கீறல்கள் நிழல் வாங்கித் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறியபின் பாறை வெளுத்துவிடும். மலையின் மறுபுறம் செட்டிப்புடவுக் குகையில் சிங்கத்தின் மீது அமர்ந்து யானைமேல் வரும் எதிரியோடு பொரும் இயக்கி என்னும் சமணப் பெண்தெய்வத்தின் சிற்பம் ஒன்று உண்டு. அடக்கமான தீர்த்தங்கரர்களுக்கு நடுவே அவள் மட்டும் வில்லும் கையுமாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. படிகள் செங்குத்தானவை என்பதால் தங்கைக்கு முழங்கால் வலி இருந்தால் குளக்கரையிலேயே இருக்கட்டும், அந்த இடமும் அழகுதான்.

திரும்பிக் குளித்துவிட்டுக் கீழடிக்குப் போகலாம். ஊருக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர், மாவட்டம் சிவகங்கை. 2015-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தவற்றை 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பகடைக்காய், தந்தச் சீப்பு, நூல் நூற்ற தக்களி என்று வீட்டுப் பொருள்களே அதிகம். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வா. பானைக்குப் பெயர் எழுதும் பழக்கம் நம் வீட்டுக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் வரைக்கும் தொடர்ந்திருக்கிறது.

பகலுக்கு அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட வராத மீன். உயிரோடு வாங்கி, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்குவதற்காகப் பாலில் விட்டு, பிறகு உப்புப் போட்டு உரசி, தலையோடு முழுசாகவே புளிக்குழம்பில் போடுவார்கள். முள்ளைத் தேட வேண்டியதில்லை, அப்படியே மெல்ல வேண்டியதுதான். மெஸ்களில் விலையைக் கேட்டால் திடுக்கிடுவாய். கண்மாய்கள் வற்ற வற்ற மீன் அருகிப்போனதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம். நீராழி மண்டபத்தைச் சுற்றி ஊரே காற்று வாங்க வந்திருக்கும். கரையோரத்தில் பித்தளை அண்டாவோடு பருத்திப்பால் வண்டி நிற்பதைப் பார்த்தால் விடாதே. ஊறவைத்த பருத்திவிதையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்த் துருவலைத் தூவித் தருவது. பால் என்று பெயரே தவிர மாட்டுப்பால் அதில் கிடையாது.

இரவுக்குக் கறி தோசை. தடித்த தோசையின்மேல் அடித்த முட்டை, அதன்மேல் வெங்காயத்தோடு வதங்கிய ஆட்டுக்கறி, பிறகு கல்லில் திருப்பிப்போட்டு எண்ணெய். ஒன்றை இருவர் பகிர்ந்தால் மேலும் இடம் இருக்கும். அந்த இடத்தில் பன் பரோட்டாவையும் சால்னாவையும் நிரப்பிக்கொள்ளலாம்.

காந்தி அருங்காட்சியகமும், அவர் 1921 செப்டம்பர் 22 அன்று மேல்சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறிய மேலமாசி வீதி 251-ஆம் எண் வீடும் உன் பட்டியலில் இருந்தன. முன்னதற்கு இந்த இரண்டு நாளில் நேரம் போதாது. பின்னது இப்போது கதர்க்கடை, நடந்து போகும்போதே பார்த்துவிடலாம். அழகர்கோயிலை அடியோடு ஒத்திவை. அங்கே பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதவையும், மிளகும் சுக்கும் மணக்கும் தடித்த பிரசாத தோசையையும் அவசரமில்லாமல் பார்க்கவேண்டும், நான் இருக்கும்போது போவோம்.

ஞாயிறு காலை ரயிலுக்குக் கிளம்பும்போது பூ வாங்கத் தங்கை ஆசைப்படுவார். மொட்டாகவே வாங்கச் சொல். விடியலில் பறித்த மதுரை மல்லி அன்று அந்திக்குத்தான் மலரும், நீங்கள் கோவையில் இறங்கி வீடு சேர்ந்த பிறகு மணக்கத் தொடங்கும். ரயிலடிக்கு எதிர்ப்புறம் சூடான அல்வாவும் கிடைக்கும்.

வீட்டுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும்; நீங்கள் வருவதைச் சொல்லிவைத்திருக்கிறேன். குடிநீர்க் குழாயில் அதிகாலையில்தான் தண்ணீர் வரும், அடுக்களைக் குடத்தைப் பிடித்து வைத்துவிடுங்கள். எந்த வண்டியில் வருகிறீர்கள் என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
சண்முகம்