80 பக்கக் கொப்பிக்கு ஒரு நன்றி

மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு 9 மணிக்குக் கடைசி இணைய இணைப்பையும் ஏற்றி முடித்தோம். மனம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் இதை இப்போதே எழுதிவிட வேண்டும். வெள்ளத்தில் என் லப்டொப் நனைந்துபோனது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு லப்டொப்பைத் திறந்து பார்த்த அந்தக் காலையை இன்னொரு தரம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நாலு வருடமாகத் தரம் 10, 11 விஞ்ஞானத்துக்குச் சேர்த்த இணைப்புகள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன.

வாட்ஸ்அப் குழுவில் நான் எப்போதோ அனுப்பியவற்றைத் தேடித் தேடிப் பிரதி எடுத்துத் தந்த என் பிள்ளைகள், செத்துப்போன பக்கங்களின் பழைய பிரதிகளை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் தோண்டி எடுத்த அக்கரைப்பற்று சேர், கணினி அறைச் சாவியைக் கையில் தந்த அதிபர், சொல்லாமலே டேட்டா போட்டுவிட்ட பெற்றோர், இணைப்புகளைச் சேமித்து வைக்கும் டீகோ (Diigo) என்ற தளத்தில் கணக்குத் திறந்து வகுப்புக்கொரு குழு அமைக்கக் காட்டித்தந்த ஆரையம்பதித் தங்கை, உங்கள் எல்லோருக்கும் நன்றி. இனி என் இணைப்புகள் ஒரு இயந்திரத்துக்குள் இல்லை. எந்தப் போனிலிருந்தும் திறக்கலாம். பக்கத்தில் நான் மஞ்சள் பூசிய வரியும், ஓரத்தில் ஒட்டிய குறிப்பும் குழுவிலுள்ள பிள்ளைக்கும் தெரியும்.

இந்த மடலை நான் எழுதுவது அதிகமும் ஒருவருக்காக. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

கொக்கட்டிச்சோலையில் ஒரு கொமினிகேசன் கடையில் இணைப்புப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு நின்றேன். எந்த இணைப்பை எந்தக் கோப்புறையில் போடுவது என்று தங்கையோடு போனில் தர்க்கம். ஓய்வூதியப் பத்திரத்துக்குப் போட்டோகொப்பி எடுக்க வந்த ஐயா என் பக்கம் திரும்பி, “பிள்ளை, ஒன்றுக்கு ஒரு இடம்தானா?” என்று கேட்டார். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது பொத்தான் போன்.

“புத்தகம் ஒரு இடத்திலதான் நிக்கும். நூலக இலக்கத்தில பௌதிகவியல் எண்டா 530, இரசாயனவியல் 540, தாவரம் 580. ஆனா பட்டியல் அட்டை அப்படியில்ல. எழுதினவர் பெயருக்கு ஒண்டு, தலைப்புக்கு ஒண்டு, பொருளுக்கு ஒண்டு. எந்த லாச்சியைத் திறந்தாலும் ஆள் புத்தகத்துக்கிட்ட போய்ச் சேர வேணும்” என்றார். குறிச்சொல் (tag) என்று தங்கை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. கோப்புறை என்பது அலுமாரி. குறிச்சொல் என்பது அட்டை. ஒரு இணைப்புக்கு எத்தனை அட்டையும் போடலாம்.

“மறுகா, ஒரே சாமானுக்கு ரெண்டு பெயர் இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதுதான் வகுப்பில் என்னை வருடக்கணக்காக வாட்டும் விசயம். பிள்ளைகள் யூடியூப்பில் பார்க்கும் பாடங்களில் அதிகமானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே ஒளிச்சேர்க்கை, நமக்கு ஒளித்தொகுப்பு. அங்கே முடுக்கம், நமக்கு ஆர்முடுகல். அழுத்தம் நமக்கு அமுக்கம், செல் நமக்குக் கலம். இது வேறு பாடமோ என்று நினைத்து மூடிவிடுகிற பிள்ளையும் உண்டு, பரீட்சையில் அந்தச் சொல்லையே எழுதிவிட்டு வருகிற பிள்ளையும் உண்டு.

நான் இவ்வளவையும் சொன்னேன். ஐயா கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு சரி என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். கையில் ஒரு 80 பக்கக் கொப்பி. பக்கத்தை நடுவால் கோடு கிழித்து, இடப்பக்கம் பரீட்சையில் எழுத வேண்டிய சொல் நீலத்தில், வலப்பக்கம் மற்றச் சொல் சிவப்பில். சிவப்புச் சொல் ஒவ்வொன்றின் கீழும் நூலக அட்டையில் போடுவதுபோல ஒரு வரி: “முடுக்கம். பார்க்க: ஆர்முடுகல்.” பேரப்பிள்ளையின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுப் பாடநூலைப் பக்கத்து வீட்டுப் பெடியனின் போனில் திறக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். நான் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. தேநீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

அந்தக் கொப்பியை வைத்துத்தான் முழு வேலையும் நடந்தது. இணைப்புக்கு இரண்டு சொல்லும் குறிச்சொல்லாகப் போட்டோம். டீகோவில் இடைவெளி விட்டால் ஒரு சொல் இரண்டு குறிச்சொல்லாக உடைந்துவிடும் என்பதால் மின்சுற்று, மின்னோட்டம் என்று சேர்த்தே எழுதினோம். நேற்று மாலை தரம் 11 பிள்ளை ஒருத்தி முடுக்கம் என்று தேடினாள். நான் ஆர்முடுகலுக்குச் சேர்த்த காணொளிகளும் பயிற்சிகளும் வரிசையாக வந்து நின்றன. “ரீச்சர், ரெண்டும் ஒண்டா?” என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, தொண்டை அடைத்துவிட்டது.

ஐயா, மாதம் முதலாம் திகதி இந்தத் தொகுப்பு முழுவதையும் கோப்பாக இறக்கி இரண்டு பென்டிரைவில் வைப்பேன். ஒன்று பாடசாலை அலுமாரியில், ஒன்று தண்ணீர் ஏறாத வீடொன்றில். கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் இனி நனையாது.

இன்னும் ஒன்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது. காரம் என்ற சொல்லில் எங்களுக்குச் சிக்கல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் காரம் என்பது நாம் மூலம் என்று படிப்பது. நம் புத்தகத்தில் காரம் நீரில் கரையும் மூலத்துக்கு மட்டும். ஒரே சொல், பொருள் இரண்டு. இதற்கு “பார்க்க” போட்டால் போதுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கொப்பியோடு வருகிறேன்.