புரோட்டானுக்குள்ள மூணு உருண்டை போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

இயற்பியல் பாடப்புத்தகம் எழுதுற, அதுக்குப் படம் வரையுற எல்லாருக்கும் வணக்கம்.

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே படம்தாங்க. பெரிய வட்டம், உள்ள மூணு கலர் உருண்டை, புரோட்டானுக்குள்ள இருக்கிற துணுக்கான குவார்க்ல ரெண்டு அப் குவார்க் ஒரு டவுன் குவார்க், நடுவுல அதுகளைச் சேர்த்துக் கட்டிவைக்கிற குளுவானுக்கு ஸ்பிரிங் மாதிரி கோடு. நானும் அதைத்தான் படிச்சேன், அதைத்தான் பசங்களுக்கும் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் ஒரு பொண்ணு நோட்டோட வந்து நிக்குது, அப் குவார்க் நிறை 2 சொச்சம், டவுன் 5க்கு கொஞ்சம் கம்மி, மூணையும் கூட்டுனா, துகளோட நிறையை ஆற்றல் கணக்குல சொல்ற அலகுல, 9 மெகா எலக்ட்ரான்வோல்ட்தான் வருது, புரோட்டானுக்கு 938ன்னு போட்டிருக்கீங்க, மிச்சம் எங்க சார்னு கேக்குது. துகள்களைச் சேர்த்துக் கட்டுற பிணைப்பு ஆற்றல்மான்னு சமாளிச்சேன். அடுத்த வாரமே வந்து, அணுக்கருவுல பிணைப்பு ஆற்றல் நிறையைக் குறைக்கத்தானே செய்யும்னு கேட்டுச்சு. மானம் போச்சு.

அந்தப் படத்துல இதுக்குப் பதில் கிடையாது, பதில் எலக்ட்ரானைப் புரோட்டான் மேல மோதவிட்டுப் பாக்குறதுல இருக்கு. எலக்ட்ரானோட ஆற்றல் கூடக்கூட அதோட அலைநீளம் குறையும், அவ்வளவு நுணுக்கமா உள்ள பாக்கலாம். 1967ல இருந்து ஸ்டான்ஃபோர்டுல 3 கிலோமீட்டர் நீளமான முடுக்கியில 20 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரைக்கும் ஏத்தி, திரவ ஹைட்ரஜன் மேல அடிச்சாங்க. புரோட்டான் பஞ்சு உருண்டை மாதிரி இருந்திருந்தா எலக்ட்ரான் லேசா வளைஞ்சு போயிருக்கும், ஆனா எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகமா பெரிய கோணத்துல சிதறுச்சு. அணுவுக்குள்ள கரு இருக்குன்னு காட்டுன ரூதர்ஃபோர்டோட தங்கத்தகடு கதையேதான், அதுக்கு மட்டும் ரெண்டு பக்கம் ஒதுக்குறீங்க, 1990ல ஃபிரீட்மன், கெண்டால், டெய்லருக்கு நோபல் வாங்கிக்கொடுத்த இதுக்கு ஒரு வரி இல்லை.

இதுல அழகு என்னன்னா, உள்ள இருக்கிறதைப் பிச்சு வெளிய எடுக்கவே வேணாம். எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலோட போச்சுன்னு தெரியும், எந்தக் கோணத்துல எவ்வளவு மிச்சத்தோட வந்துச்சுன்னு அளந்தா போதும், அது முட்டின துணுக்கு புரோட்டானோட உந்தத்துல எத்தனை பங்கை வச்சிருந்துச்சுன்னு கணக்கு வந்துடும். மூணு உருண்டை சும்மா சமமா பிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, கிராஃப்ல மூணுல ஒரு பங்குகிட்ட ஊசி மாதிரி ஒரே ஒரு முனைதான் வரணும். வந்ததோ அப்படியே பரந்து கிடக்குற வளைவு, அதுவும் எல்லா குவார்க்கோட பங்கையும் கூட்டுனா பாதி உந்தம்தான் தேறுது, மீதி பாதி மின்னூட்டமே இல்லாததால எலக்ட்ரான் கண்ணுல நேரா படாத குளுவான்கிட்ட.

அப்புறம் ஹாம்பர்க்ல 1992ல இருந்து 2007 வரைக்கும் ஹெராங்கிற மோதல் இயந்திரம் ஓடுச்சு, 6.3 கிலோமீட்டர் வளையம், 27.5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானும் கடைசி வருஷங்கள்ல 920 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானும் நேருக்கு நேர். ரொம்ப சின்ன உந்தப் பங்கு பக்கம் பாக்கப்பாக்க குளுவானும், தோன்றி மறையுற குவார்க், அதோட எதிர்த்துகளான எதிர்க்குவார்க் ஜோடியும் பெருகிட்டே போகுது. மெதுவா அடிச்சா மூணு தெரியும், ஓங்கி அடிச்சா ஒரு கூட்டமே தெரியும், ரெண்டும் அதே புரோட்டான்தான். அந்தப் பொண்ணு தேடுன 900 சொச்சமும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தோட ஓட்டத்துலயும் குளுவான் புலத்தோட ஆற்றல்லயும்தான் இருக்கு. 2012ல கண்டுபிடிச்ச ஹிக்ஸ் துகள்கூட, புரோட்டானும் புரோட்டானும் மோதுறப்போ, பெரும்பாலும் ரெண்டு குளுவான் மோதித்தான் பிறக்குது, உங்க மூணு உருண்டையும் அப்போ ஓரமா வேடிக்கை பாக்குது.

படத்தை எடுத்துடுங்கன்னு சொல்லல. பக்கத்துலயே இன்னும் ரெண்டு வட்டம் போடுங்க, ஒவ்வொண்ணும் எந்த ஆற்றல்ல அடிச்சா தெரியுற காட்சின்னு கீழ எழுதுங்க, அந்த 9க்கும் 938க்கும் ஒரு பத்தி ஒதுக்குங்க. இடம் பத்தலைன்னு உருண்டையில கை வச்சாலும் பரவால்ல, அந்த ஸ்பிரிங் கோட்டை மட்டும் தொட்டுடாதீங்க, பாதி உந்தம் அதுலதான் இருக்கு.