பச்சை நிறத்தை மட்டும் நம்பாதே, மாப்ள

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் தியாகராஜரில் மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டாள், தினமும் திருப்பரங்குன்றம் போய் வருகிறாள். கப்பலூர் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை.

நாம் கம்ப்யூட்டரில் மாடல் வரையும் ஃப்ரீகேட் மென்பொருளில், உன் ஸ்டாண்டின் தகட்டுத் தடிமனை 6 மி.மீ. ஆக்கினால் ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்குவது) சிவப்பாகி நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தாயே, அது லேசான விஷயம். இரண்டு பக்க விளிம்புக்கும் 3 மி.மீ. ஆரம் கொடுத்திருக்கிறாய். 6 மி.மீ. தகட்டில் இரண்டு வளைவும் நடுவில் வந்து முட்டிக்கொள்கின்றன, இடையில் தட்டையான இடமே மிஞ்சவில்லை. ஃப்ரீகேட் அந்த இடத்தில் திணறும். 2.9 என்று வைத்துப் பார், ஓடிவிடும். ஆரத்தைத் தனி எண்ணாக விடாமல், கோப்பில் அளவுகளை எழுதிவைக்கும் அட்டவணையில் தடிமனோடு சேர்த்து ஒரு சூத்திரமாக எழுதிவிட்டால் மறுபடி தொல்லை இருக்காது.

அங்கே சிவப்பாவது காட்டியது. எங்களிடம் வந்த பிரச்சினை எதையுமே காட்டவில்லை. அதைத்தான் உனக்கு விவரமாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அப்பளம் வெட்டும் மெஷின் ஒன்று செய்கிறோம். மதுரையில் அப்பளம் போடுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு கேட்பார்கள். அதனால் அட்டவணையின் முதல் கட்டத்தில் அப்பளத்தின் விட்டம், மற்ற அளவெல்லாம் அதைப் பின்தொடர்ந்து மாறும். வெட்டிய அப்பளத்தைத் தட்டுக்குத் தள்ள ஒரு கை இருக்கிறது. கிராங்க் என்ற துண்டு சுற்றும், அதோடு சேர்ந்த லிங்க் என்ற இணைப்புக் கம்பி அந்தக் கையை ஆட்டும். 5 அங்குலத்தை 7 ஆக்கினோம். ஸ்கெட்ச், அதாவது மாடலுக்கு அடிப்படையான கோட்டுப்படம், முழுக்கப் பச்சை; எல்லா அளவும் கட்டியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். நீளங்களை அளந்தால் எல்லாம் சரி. பிரிண்ட்டைக் கையில் வாங்கிய எங்கள் ஃபிட்டர் அண்ணன்தான், "தம்பி, கை அடியில போகுதே, பெல்ட்டுல இடிக்குமே" என்றார். பார்த்தால் லிங்க்கும் கையும் சேரும் மூட்டு மேலே இருப்பதற்குப் பதிலாகக் கீழே மடங்கியிருக்கிறது.

அளவை மாற்றினால், மாடலின் முகங்களுக்கு (பரப்புகளுக்கு) ஃப்ரீகேட் வைத்த பெயர் மாறிப்போய் எல்லாம் குழம்பும் பழைய வியாதியோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். அதைப் பெருமளவு சரிசெய்துதான் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். இருந்தாலும் உறுதி வேண்டுமே, புதுக் கோப்பில் அந்த ஒரு ஸ்கெட்சை மட்டும் வரைந்தேன். முகமே இல்லாத இடத்தில் முகத்தின் பெயர் எப்படிக் குழம்பும்? அங்கேயும் கை கீழே புரண்டது. அடுத்து சூத்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் எண்களைப் போட்டேன். அப்போதும் புரண்டது. ஆக, அட்டவணை மேல் பழி இல்லை.

பிறகு அளவைப் பழையபடி 5 அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன், மாப்ள. கை கீழேயே நின்றது! எண்கள் காலையில் இருந்த அதே எண்கள், படம் மட்டும் வேறு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனால் புரளவில்லை, ஒரே தாவலாக மாற்றினால் புரள்கிறது. முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

பள்ளிக்கூடத்தில் மூன்று பக்கம் கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னது நினைவிருக்கிறதா? அடிக்கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் காம்பஸால் வில் போட்டால், அவை கோட்டுக்கு மேலேயும் வெட்டும், கீழேயும் வெட்டும். நாம் மேலே இருப்பதை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு நாம் சொன்னது நீளம் மட்டும்தான், எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. அது இப்போது இருக்கும் நிலையிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் திருத்திக்கொண்டே போய், எந்த விடையில் போய்ச் சேர்கிறதோ அதில் நின்றுவிடும். லிங்க்கும் கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நீண்டிருக்கும் அளவுகளில் இரண்டு விடையும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும், அப்போது தாவுவது இன்னும் சுலபம். இதை மென்பொருளின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1963இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருளைச் செய்த நாளிலிருந்தே, நிபந்தனையைச் சொல்வது நம் வேலை, அதற்கு ஒத்துவரும் படத்தைக் கண்டுபிடிப்பது இயந்திரத்தின் வேலை. சொல்லாத நிபந்தனையை அது எப்படிக் காப்பாற்றும்? பச்சை என்றால் கோடுகள் இனி அசையாது என்றுதான் பொருள். இது ஒன்றுதான் விடை என்று அது சொல்லவே இல்லை.

சரி, தீர்வுக்கு வருகிறேன். மூட்டின் இடத்தை ஸ்கெட்ச் தேடட்டும் என்று விடாமல், அட்டவணையிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். கையின் ஆணிக்கும் கிராங்க் முனைக்கும் இடையே 150, கை 60, லிங்க் 100 என்று வைத்துக்கொள். 60இன் வர்க்கத்தோடு 150இன் வர்க்கத்தைக் கூட்டி, 100இன் வர்க்கத்தைக் கழித்து, 300ஆல் வகுத்தால் 53.7 வரும். ஆணியையும் கிராங்க் முனையையும் சேர்க்கும் கோட்டோடு, ஆணியிலிருந்து அவ்வளவு தூரம். அந்தக் கோட்டுக்கு மேலே மூட்டின் உயரம், 60இன் வர்க்கத்தில் 53.7இன் வர்க்கம் போக மீதியின் வர்க்கமூலம், 26.8. வர்க்கமூலத்தில் நேர்க்குறியை மட்டும் எடுக்கிறோம், அதனால் கை எப்போதும் மேலே. இந்த இரண்டு தூரத்தையும் ஸ்கெட்சில் கட்டிவிட்டு, 60ஐயும் 100ஐயும் சரிபார்க்கும் அளவாக மட்டும் வைத்தேன். மூலத்துக்குள் இருக்கும் எண்ணுக்குத் தனிக் கட்டம் ஒன்று உண்டு. அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் லிங்க் எட்டாது என்று உடனே தெரிந்துவிடும்.

இப்போது எந்த மாடல் செய்தாலும் ஆகச் சின்ன அளவுக்கும் ஆகப் பெரிய அளவுக்கும் ஒரே தாவலாகப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறேன். திரும்பி வந்த படம் பழைய படத்தோடு ஒத்துப்போனால்தான் லேசர் கட்டிங்குக்குக் கோப்பு போகும். உன் மடக்கு ஸ்டாண்டிலும் இதே மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது, பார்த்தேன். தகட்டை இப்போதைக்கு வெட்டக் கொடுத்துவிடாதே. முதலில் கோப்பை எனக்கு அனுப்பு, கூடவே நீ விற்கப்போகும் சின்ன அளவையும் பெரிய அளவையும் எழுது. அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி